சட்டைக்குள் கேமரா வேண்டாம், பேட்டரி போதும்

கேள்வி: பிப்ரவரியில் குடும்பத்தோடு ஜப்பானின் சப்போரோவுக்குப் பனி விழா பார்க்கப் போகிறோம். மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த கேமராவையும் எடுத்துப் போகிறேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், பனியைக் கண்டதில்லை. குளிரில் கேமரா கெட்டுப்போகுமா? சட்டைக்குள் வைத்துக் கதகதப்பாக வைத்திருக்கலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: சகோதரி, வெளியே நின்று படம் எடுக்கும்போது கேமரா கெடுவது அரிது. குளிரிலிருந்து அறைக்குள் நுழைகிற அந்த நிமிடத்தில்தான் ஆபத்து. நம் ஊர்க் கடையில் ஐஸ் மைலோ வந்ததுமே கிளாஸ் வியர்த்து, மேசையில் வட்டமாகத் தண்ணீர் நிற்கும் அல்லவா? ஹீட்டர் போட்ட அறையில் சில்லிட்ட கேமராவுக்கும் அதுதான் நடக்கிறது. வெளியே பூக்கும் நீரைத் துடைத்துவிடலாம். லென்ஸுக்கு உள்ளே பூப்பதை என்ன செய்வது?

மணாலியில் நான் அப்படித்தான் ஒரு லென்ஸை இழந்தேன். சூடாக டீ குடித்தபடி படங்களைக் காட்டும் அவசரத்தில் அறைக்குள் வந்ததும் பையைத் திறந்துவிட்டேன். ஊர் திரும்பி அலமாரியில் வைத்த லென்ஸைச் சில மாதம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போல வெள்ளையாகப் பூஞ்சை. சுத்தம் செய்தும் தடம் போகவில்லை. இன்றைக்கும் மனது கேட்கவில்லை.

ஆகவே, ஹோட்டல் வாசலில், வெளியே நிற்கும்போதே மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். பிறகு உள்ளே போகலாம். இரண்டு மணி நேரம் திறக்கவே வேண்டாம். நீர் பையின் மேல்தான் பூக்கும். கார்டுதான் கையில் இருக்கிறதே, படம் பார்க்க அது போதும்.

சட்டைக்குள் கேமராவை வைக்காதீர்கள். உடம்பின் ஈரம் ஏறி, வெளியே எடுத்ததும் லென்ஸ் மங்கிவிடும். உள்பையில் இருக்க வேண்டியது பேட்டரி. பல கேமராக்களை 0 முதல் 40 டிகிரி வரைக்கும் என்றுதான் தயாரிக்கிறார்கள். சப்போரோவில் பிப்ரவரி இரவுகள் அதற்கும் கீழே போகும். குளிரில் லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிவிடும். தீர்ந்துபோன மாதிரி காட்டுவதை எடுத்துச் சூடேற்றினால் பல நேரம் மறுபடி வேலை செய்யும். மூன்று இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். விமானத்தில் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

லென்ஸில் பனித்தூள் விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், மூச்சு அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள்.

அப்புறம், வீடு திரும்பியதும் டிரை பாக்ஸில், அதாவது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மூடிய பெட்டியில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் சாதாரண அலமாரி போதாது.

ஜிப் பையை இங்கேயே வாங்கிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் கையுறை போட்டுக்கொண்டு, கேமராவை உள்ளே வைத்து ஒருமுறை மூடிப் பாருங்கள். விரல் திணறினால் இன்னும் பெரிய பை தேவை.