குவைத்தா, சிங்கப்பூரா? வீட்டு வேலைக்குப் போகும் முன்

கேள்வி: என் அக்காவுக்கு இரண்டு இடங்களில் வீட்டு வேலை கிடைத்திருக்கிறது. குவைத்தில் சம்பளம் கூடுதல். "பாஸ்போர்ட்டை முதலாளிதான் வைத்திருப்பார், எல்லா நாட்டிலும் அதுதான் வழக்கம்" என்கிறார் ஏஜென்ட். எங்கே சட்டப் பாதுகாப்பு அதிகம்?

பதில்: வழக்கம் என்று அவர் சொல்வதைச் சட்டம் ஏற்கவில்லை. இரண்டு நாடுகளிலும் முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கக் கூடாது. ஆனால் குவைத் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது: தொழிலாளி சம்மதித்தால் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சம்மதத்தைத்தான், போய் இறங்கியதும் நீட்டப்படும் அரபிக் காகிதக் கட்டுக்குள் ஒன்றாகச் செருகிவிடுவார்கள். படிக்கத் தெரியாத மொழியில் எதிலும் அக்கா கையெழுத்துப் போட வேண்டாம்.

பொதுவான தொழிலாளர் சட்டம் இரண்டு இடத்திலும் வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது. குவைத்தில் அவர்களுக்கென்றே 2015-இல் தனிச் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 12 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு, ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பள விடுப்பு. ஒப்பந்தம் முடிந்து கிளம்பும்போது, வேலை செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். எழுத்தில் பார்த்தால் சிங்கப்பூரைவிட இது மேல்.

சிங்கப்பூரில் வேலை நேரத்துக்கு உச்சவரம்பும் இல்லை, குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை. வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. அக்கா ஒப்புக்கொண்டால் அதற்குப் பதில் பணம் தரலாம். ஆனால் 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம் ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும், அதைக் காசு கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. மருத்துவக் காப்பீடும் முதலாளி செலவு.

அப்படியும் என்னைக் கேட்டால் சிங்கப்பூர் பக்கம்தான் சாய்வேன். வளைகுடாவில் வீட்டை விட்டு வெளியேறிய பணியாளர்மீது முதலாளி 'ஓடிப்போனார்' என்று புகார் கொடுத்துவிட முடியும். அதன்பின் நியாயம் கேட்க வந்தவரே குற்றவாளிபோல நிற்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் என்றால், விமானம் ஏறும் முன் அந்நாட்டு அரசு தரும் வேலை அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் அச்சாகியிருக்கும் மாதச் சம்பளமும் ஏஜென்ட் வாயால் சொன்னதும் ஒன்றா என்று பாருங்கள். குவைத்தே என்று முடிவானால், ஒப்பந்தத்தையும் பாஸ்போர்ட்டையும் படமெடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: பிரச்சினை முற்றி வெளியேற நேர்ந்தால், தெரிந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.