ரயிலடி கேள்வி–பதில்: மூடிய பாதையில் மறுபடியும் நீராவி

குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற நமது கட்டுரையாளர், வாசகர்களின் ரயில் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் பல வருடங்கள் மூடிக்கிடந்த பாதையில் மறுபடியும் நீராவி ரயில் ஓடுகிறதாமே! அதுவும் நம் ஊட்டி ரயில் போல பல் தண்டவாளம் என்கிறார்கள். உண்மையா? எப்படிச் சாதித்தார்கள்?
*(கோவை வாசகர்)*

உண்மைதான். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் 1882-ல் காப்புரிமை வாங்கிய முறைதான் இரண்டு இடத்திலும். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகள் ஒட்டினாற்போல் ஓடும். ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினுக்கு அடியில் சுழலும் பினியன் என்ற பல்சக்கரம் ஒரு பட்டையை விடும்போது அடுத்த பட்டையைக் கவ்வியிருக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நாம் ஏறுவது 12-க்கு 1 என்ற சரிவு, அதாவது 12 அடி போனால் ஓர் அடி ஏறும். டாஸ்மேனியாவில் மிகச் செங்குத்தான இடத்தில் 16-க்கு 1. ஏற்றத்தில் நம் பாதைதான் கடினம். ஆனால் அவர்களுக்கு மழை பெரிய சோதனை. பாதையின் ஒரு முனையான குயின்ஸ்டவுன் ஊரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் கொட்டுகிறது. மரப்பாலமும் தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டையும் அதில் என்ன பாடுபடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

குயின்ஸ்டவுனில் தாமிரச் சுரங்கம் நடத்திய மவுண்ட் லயல் கம்பெனி போட்ட பாதை அது. 1899-ல் ஸ்ட்ரான் துறைமுகத்துப் பக்கம், ரீகட்டா பாயிண்ட் வரை போய்ச் சேர்ந்தது. நம் மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதை திறந்ததும் அதே வருடம்தான்! 1932-ல் ஹோபார்ட்டிலிருந்து சாலை வரும்வரை குயின்ஸ்டவுன்காரர்கள் வெளியுலகம் போக அந்த ரயிலை விட்டால் வழி கிடையாது. அப்புறம் சாலைகள் பெருகின, பராமரிப்புச் செலவு ஏறியது, 1963 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். ஆற்று வெள்ளத்தில் பாலமும் போனது.

சரி, எப்படிச் சாதித்தார்கள்? ஆஸ்திரேலிய மத்திய அரசு 2 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது என்பதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், வேலை 1963-லேயே பாதி முடிந்துவிட்டது. அந்தப் பாதைக்கு இருந்தவை ஐந்தே ஆப்ட் எஞ்சின்கள், எல்லாம் கிளாஸ்கோவில் கட்டியவை. உதிரிபாகத்துக்காக ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். மீதி நாலும் பழைய இரும்புக் கடைக்குப் போகவில்லை. ஒன்று குயின்ஸ்டவுனிலேயே நின்றது. ஒன்று ஸீஹான் ஊர் அருங்காட்சியகத்தில், ஒன்று ஹோபார்ட் பக்கம், இன்னொன்று கடல் தாண்டி விக்டோரியா மாநிலத்தில். பாதையை மறுபடி போட்டபோது 1, 3, 5 எண் எஞ்சின்களைத் திரும்பக் கொண்டுவந்து உயிர் கொடுத்தார்கள். தண்டவாளத்தை எந்த நாட்டிலும் வாங்கலாம். ஆப்ட் எஞ்சினை எந்தக் கடையில் வாங்குவீர்கள்? வெளியே இரண்டு சிலிண்டர் சக்கரத்துக்கு, உள்ளே இரண்டு சிலிண்டர் பினியனுக்கு. அந்த உள் வேலையை ஒருமுறை கழற்றி மாட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

2000-ல் கொஞ்ச தூரம் ஓட ஆரம்பித்து, 2002 டிசம்பரில் முழுப் பாதையும், சுமார் 35 கிலோமீட்டர், திறந்தது. அதோடு கதை சுபம் என்று நினைக்காதீர்கள். பத்தே வருடத்தில், 2013-ல், நடத்திவந்த தனியார் நிறுவனம் விலகிக்கொண்டது, ரயில் நின்றுவிட்டது. அரசு பொறுப்பேற்றுப் பாதையைச் சரிசெய்து, அடுத்த வருடம் கட்டம் கட்டமாக ஓட்டியது. திறப்பு விழாவுக்குக் காசு கொடுக்க எல்லோரும் வருவார்கள். பத்தாவது வருடம் சிலிப்பர் கட்டை மாற்ற யார் கொடுப்பார்கள் என்பதை முதல் நாளே எழுதி வைக்காத திட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். அங்கே போகும்போது இந்த ரயிலில் ஏற ஆசை. எந்தப் பக்கமிருந்து ஏறலாம்?
*(திருப்பூர் வாசகி)*

பல் தண்டவாளம் பார்க்க வேண்டுமென்றால் குயின்ஸ்டவுன் பக்கமிருந்து ஏறுங்கள் அம்மா. ரினாடீனா மேட்டுக்கு ஏறும் இடம்தான் அந்தப் பயணத்தின் உயிர். ஸ்ட்ரான் பக்கம் ஆறும் காடும் அழகு, ஆனால் பல் சத்தம் கேட்காது. எந்த நாளில் எது ஓடும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். மகளிடம் சொல்லி முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்வெட்டர், மழைக்கோட்டு இரண்டும் வேண்டும்.

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை இதேபோல மீட்க முடியாதா? எங்கள் தாத்தா காலத்தில் அங்கிருந்து ரோப்வேயில் தேயிலை கொட்டகுடிக்கு இறங்குமாம்.
*(போடிநாயக்கனூர் வாசகர்)*

உங்கள் ஊருக்கு இதில் உரிமை உண்டு. அந்தத் தேயிலைப் பெட்டிகள் போடி வழியாகத்தான் வெளியே போயின. 1902-ல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-ல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன ரயில் அது.

மீட்கலாமா என்றால், டாஸ்மேனியாவில் மிஞ்சியது மூணாறில் மிஞ்சவில்லை. நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இருக்கிறது. தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு எஞ்சின் சக்கரம் வைத்திருக்கிறார்கள். பழைய தடத்தில் பல இடங்களில் இப்போது சாலை போகிறது. பள்ளத்தாக்கில் மாட்டுப்பெட்டி, குண்டளை அணைகளும் வந்துவிட்டன. ஆகவே முழுத் தூரம் என்று பேசுவது வீண் ஆசை. மூணாறைச் சுற்றி நாலைந்து கிலோமீட்டர், புதிய எஞ்சினோடு என்றால் நான் முழு மனதோடு ஆதரிப்பேன். புதிய நீராவி எஞ்சின் நம்மால் முடியாத காரியமும் இல்லை. திருச்சி பொன்மலைப் பணிமனை, நம் மலை ரயிலுக்குப் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களையே கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கைகள் இருக்கும்போதே தொடங்க வேண்டும், அதுதான் என் கவலை.

எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசலில் ஒரு பழைய நீராவி எஞ்சின் நிற்கிறது. வருடா வருடம் பெயின்ட் அடிக்கிறார்கள். அது என்றைக்காவது ஓடுமா?
*(விழுப்புரம் மாவட்ட வாசகர்)*

பெயின்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாய்லரைப் பார்க்க வேண்டும். புகைபோக்கியின் வாய் திறந்திருந்தால் மழைநீர் நேராக அதன் அடியிலுள்ள புகைப்பெட்டியான ஸ்மோக் பாக்ஸில் இறங்கி, அடித்தகட்டை அரித்துவிடும். வாட்டர் டேங்கின் அடியிலும் தண்ணீர் தேங்கும். அஸ்பெஸ்டாஸ் உறை இருந்தால் அதைத் தொடவே கூடாது, தெரிந்தவர்கள்தான் எடுக்க வேண்டும். பித்தளைச் சாமான்கள் திருடு போயிருக்கும், அது சின்ன நஷ்டம், வார்த்துக்கொள்ளலாம்.

ஓடுமோ ஓடாதோ, ஐப்பசி மழைக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்: புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி, அடியில் தண்ணீர் வடிய வழி, தலைக்கு மேல் ஒரு ஷெட். பெயின்ட் செலவை ஒரு வருடம் நிறுத்தினாலே மூடிக்குக் காசு வந்துவிடும். மனுவின் நகலை எனக்கும் அனுப்புங்கள், எஞ்சின் எண்ணையும் குறிப்பிட்டு. அது எந்த வகை, உள்ளே எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எழுதி அனுப்புகிறேன்.