ஆழ்கடல் உயிர்களும் காப்புரிமையும்: கேள்வி பதில்

கண்டுபிடிப்பாளர்களின் உரிமைகள் பற்றியும் ஆழ்கடலின் புதிரான உயிர்கள் பற்றியும் வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடையவற்றை எடுத்துக்கொண்டு கீழே பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி (விலங்கியல் மாணவி): ஐயா, ஆழ்கடலில் இதுவரை யாரும் பார்த்திராத ஓர் உயிரினத்தை நான் முதன்முதலில் கண்டறிந்தால், அதற்குக் காப்புரிமை பெற முடியுமா?

பதில்: முடியாது, அம்மா. அந்த உயிரினத்துக்கு அறிவியல் பெயர் சூட்டும் பெருமை உங்களுக்கு உண்டு. அதன்மீது உரிமை கிடையாது. இயற்கையில் உள்ள உயிருள்ள பொருளையோ உயிரற்ற பொருளையோ கண்டறிவது காப்புரிமைக்கு உரிய புத்தாக்கம் ஆகாது என்று இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970இன் பிரிவு 3(இ) தெளிவாகக் கூறுகிறது. அமெரிக்காவில், எண்ணெய்க் கசிவைச் சிதைப்பதற்காக ஆனந்த மோகன் சக்ரவர்த்தி மாற்றியமைத்த பாக்டீரியாவுக்குக் காப்புரிமை வழங்கலாம் என 1980இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அது இயற்கையில் இருந்த வடிவிலேயே இல்லாமல் மனிதர் உருவாக்கியதாக இருந்ததே காரணம். உடலிலிருந்து பிரித்தெடுத்ததால் மட்டுமே ஒரு மரபணு காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று அதே நீதிமன்றம் 2013இல் கூறியது. நீதிமன்றங்கள் கேட்பது, மனிதர் இதில் எதைப் புதிதாகச் சேர்த்தார் என்பதைத்தான்.

கேள்வி (ஆய்வகப் பணியாளர்): அப்படியானால் ஆழ்கடல் நுண்ணுயிர்களிலிருந்து வந்த நொதிகளுக்கு எப்படிக் காப்புரிமை கிடைத்தது?

பதில்: நீங்கள் அன்றாடம் செய்யும் பி.சி.ஆர். சோதனையையே, அதாவது டி.என்.ஏ.வைப் பல நகல்களாகப் பெருக்கும் முறையையே, எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ.வின் இரு இழைகளைப் பிரிக்க ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 95 பாகை செல்சியசுக்குச் சூடாக்க வேண்டியிருப்பதால், அந்த வெப்பத்தில் கெடாத நொதி இல்லாமல் இம்முறை இன்றைய வேகத்தை அடைந்திருக்காது. முதலில் உதவியது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த ஒரு பாக்டீரியாவின் நொதி. கேரி மல்லிஸ் உருவாக்கிய இம்முறைக்கான அடிப்படைக் காப்புரிமைகள் 1987இல் சீட்டஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. 1991இல் ரோஷ் நிறுவனம் அந்த உரிமைகளை 30 கோடி டாலருக்கு வாங்கியது.

பின்னர் கலிபோர்னியா வளைகுடாவின் குவாய்மாஸ் படுகையில், 2,010 மீட்டர் ஆழத்து வெந்நீர்த் துளையிலிருந்து, 104 பாகையிலும் வளரக்கூடிய ஒரு நுண்ணுயிர் எடுக்கப்பட்டது. நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் அதன் நொதிக்குரிய மரபணுவைப் பிரித்து, ஆய்வகத்தில் எளிதாக வளரும் வேறொரு பாக்டீரியாவில் புகுத்தி, 'டீப் வென்ட்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. யெல்லோஸ்டோன் நொதி 95 பாகையில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதித் திறனை இழக்கும். டீப் வென்ட் சுமார் 23 மணி நேரம் தாங்கும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது தவறாகச் சேர்ந்த எழுத்தைத் தானே நீக்கும் திறனும் அதற்கு உண்டு. காப்புரிமை, கடலடியில் வாழும் அந்த நுண்ணுயிரின்மீது விழவில்லை. மரபணுவைப் பிரித்து நொதியை ஆய்வகத்தில் உற்பத்தி செய்த வழியின்மீது விழுந்தது.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): ஒரே ஒருமுறை காணப்பட்டு, பிறகு யார் கண்ணிலும் படாத ஆழ்கடல் மீன்கள் உண்டு என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உண்மை, அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் பீபின் வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி அது. பொறியியல் அறிந்த ஓடிஸ் பார்ட்டன் தம் சொந்தப் பணத்தில் செய்வித்த எஃகுக் கோளத்தில் இருவரும் பெர்முடா கடலில் இறங்கினார்கள். சுமார் ஒன்றரை மீட்டர் விட்டம் கொண்ட அக்கோளத்தின் சன்னல்கள் உருக்கிய குவார்ட்சினால் ஆனவை. ஒரே ஓர் எஃகு வடம் அதைக் கப்பலோடு இணைத்தது. 1934 ஆகஸ்ட் 15 அன்று அவர்கள் 923 மீட்டரை எட்டினார்கள். அங்கு நீரின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் தொண்ணூறு மடங்குக்கும் மேல். பீப் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கப்பல் தளத்தில் இருந்த குளோரியா ஹாலிஸ்டர் எழுதிக்கொண்டார். உடலின் பக்கவாட்டில் ஐந்து வரிசை ஒளிப்புள்ளிகள் கொண்ட மீன், ஆறடி நீளம் கொண்ட வேறொரு மீன் என்று பீப் விவரித்த சிலவற்றுக்கு இலத்தீன் பெயர்களும் சூட்டினார். அருங்காட்சியகத்தில் வைக்க ஒரு மாதிரிகூட இல்லை. அந்த மீன்கள் இன்றுவரை மீண்டும் காணப்படவுமில்லை.

அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. மங்கிய விளக்கொளியில், சிறிய சன்னல் வழியே, சில நொடிகள் கண்ட காட்சியை அவர் நேர்மையாகவே விவரித்திருப்பார் என்பதே என் எண்ணம். ஆனால் பிறர் சரிபார்க்க முடியாத விவரணை அறிவியலில் நிலைக்காது. காப்புரிமை விண்ணப்பத்திலும் இதே நெறி உண்டு: துறை அறிந்த வேறொருவர் படித்துத் தாமே செய்துபார்க்கும் அளவுக்கு விளக்கம் முழுமையாக இருக்க வேண்டும்.

கேள்வி (மீனவர் குடும்பத்து இளைஞர்): பெருங்கணவாயை உயிரோடு படம்பிடிக்க ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று?

பதில்: நாம் கொண்டுசென்ற வெளிச்சமும் இரைச்சலும்தான் முக்கியக் காரணங்கள். 1857இலேயே அறிவியல் பெயர் பெற்றுவிட்ட பெருங்கணவாயின் கண், விலங்குலகிலேயே மிகப் பெரிய கண்களில் ஒன்று. வெள்ளை விளக்கோடும் எந்திர ஒலியோடும் இறங்கும் கலத்தை அது வெகு தொலைவிலேயே உணர்ந்து விலகிவிடும். ஜப்பானிய விலங்கியலாளர் சுனேமி குபோதேரா 2004இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே, 900 மீட்டர் ஆழத்தில், இரை கட்டித் தொங்கவிட்ட தானியங்கிக் கேமராவினால் தன் இயற்கை வாழிடத்தில் உயிரோடிருந்த பெருங்கணவாயின் முதல் படங்களை எடுத்தார்.

2012இல் அதே கடலில் அமெரிக்கக் கடல் உயிரியலாளர் எடித் விடர் கையாண்ட வழி இன்னும் நுட்பமானது. அட்டோலா என்னும் ஆழ்கடல் சொறிமீன், தன்னை ஓர் எதிரி தாக்கும்போது நீல ஒளியைச் சுழலவிட்டு, தாக்குபவனைத் தின்னக்கூடிய பெரிய விலங்கை வரவழைக்கும். அந்த ஒளியை நீல விளக்குகளால் போலச் செய்த கருவி ஒன்றை, ஆழ்கடல் விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்குப் புலப்படாத சிவப்பு ஒளியில் இயங்கும் கேமராவுடன் அவர் இறக்கினார். பெருங்கணவாய் தானே நெருங்கி வந்தது. விலங்கைத் துரத்துவதை விட்டு, அதன் மொழியில் அதை அழைத்த இந்தக் கருவியைப் பெரிய கண்டுபிடிப்புகளின் வரிசையிலேயே நான் வைப்பேன்.

கேள்வி (நூலகர்): கண்டறிந்தவருக்கு உரிய மதிப்பு எப்போதும் கிடைக்கிறதா?

பதில்: எப்போதும் கிடைப்பதில்லை. பசுமையாக ஒளிர்ந்து, உயிரணுக்களுக்குள் நடப்பதைக் காண ஆய்வாளர்களுக்கு உதவும் ஜி.எஃப்.பி. புரதத்தின் கதையைப் பாருங்கள். அது வந்த சொறிமீன் ஆழ்கடலைச் சேர்ந்ததன்று, அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் மிதப்பது. ஒசாமு ஷிமோமுரா 1961 கோடையில் சுமார் 10,000 சொறிமீன்களைச் சேகரித்து, அவற்றின் ஒளிக்குக் காரணமான பொருள்களைப் பிரித்தார். டக்ளஸ் பிராஷர் அப்புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்து 1992இல் வெளியிட்டார்; பின்னர் ஆய்வைத் தொடர நிதி இல்லாததால் மரபணுவை மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் மனமுவந்து அனுப்பிவைத்தார். 2008இல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவரும் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, பிராஷர் அலபாமாவில் வாகன ஓட்டுநராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர்ந்தளிக்க நோபல் விதி இடம் தருவதில்லை. ஆனால் இப்புரதத்தின் பயன்பாட்டுக்கு 1996இல் வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையில் சால்ஃபியோடு பிராஷரின் பெயரும் இருக்கிறது. அந்த ஓர் இடத்திலாவது ஆவணம் அவருக்கு நியாயம் செய்தது.

கேள்வி (சட்ட மாணவர்): எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலிலிருந்து வரும் பயன் யாருக்குச் சேர வேண்டும்?

பதில்: 2018இல் வெளியான ஓர் ஆய்வு, காப்புரிமை ஆவணங்களில் 862 கடல் இனங்களைச் சேர்ந்த 12,998 மரபணு வரிசைகள் இருப்பதையும், அவற்றில் 47 விழுக்காட்டைப் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ஒரே நிறுவனம் பதிவு செய்திருப்பதையும் காட்டியது. ஆழ்கடலுக்குக் கப்பல் அனுப்ப வசதியுள்ள நாடுகள் மிகச் சில என்பதால், இந்த நிலை எனக்குக் கவலை தருகிறது. நாட்டு எல்லைகளுக்கு அப்பாற்பட்ட கடலின் மரபணு வளங்களால் வரும் பயனை நியாயமாகப் பகிர வேண்டும் என்று வலியுறுத்தும் ஐ.நா. உடன்படிக்கை 2023 ஜூனில் ஏற்கப்பட்டு, 2026 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பணப் பயனோடு மாதிரிகள், தரவுகள், பயிற்சி ஆகியவற்றையும் பகிர வேண்டும் என்று அது சொல்வதை நான் மிகவும் வரவேற்கிறேன்.

கேள்வி (பொறியியல் மாணவர்): ஐயா, ஆழ்கடல் கேமராவுக்கு அழுத்தம் தாங்கும் உறை ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். அடுத்த மாதக் கண்காட்சியில் அதைக் காட்டலாமா?

பதில்: முதலில் தற்காலிக விவரக்குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பின் தொடக்க நிலை விளக்கத்துடன், விண்ணப்பியுங்கள், தம்பி. அந்த நாளே உங்கள் முன்னுரிமை நாள், அதாவது கண்டுபிடிப்பு புதியதா என்று பார்க்கக் கணக்கில் கொள்ளும் நாள், ஆகும்; முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே பொதுவில் காட்டிவிட்டால் அது புதியதாகக் கருதப்படாமல் போகலாம்; முன்கூட்டியே காட்சிப்படுத்துவதற்கு இந்தியச் சட்டம் தரும் சலுகை மிகக் குறுகியது. ஐரோப்பிய நாடுகளில் அதுவும் பெரும்பாலும் செல்லாது. காப்புரிமை கிடைத்தால், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கும். வரைபடங்களோடு அழுத்தச் சோதனை முடிவுகளையும் இணைத்து, விண்ணப்பம் பதிவான பிறகு கண்காட்சிக்குச் செல்லுங்கள்.