குயர் மாஸ்டர் பதில்கள்: ரொட்டிக்காரர் மகன்

(பதில் சொல்பவர்: நாகர்கோவில் ஆலயமொன்றில் குயர் நடத்தி ஓய்வுபெற்றவர்)

கேள்வி: என் மகன் சர்ச் குயரில் டெனர் (ஆண்களில் உயர்ந்த ஸ்தாயிக் குரல்). யூடியூபில் பவரோட்டி பாட்டைக் கேட்டுவிட்டு அதே மாதிரி மேலே போகப் பார்க்கிறான், தொண்டை கட்டிக்கொள்கிறது. யார் அவர்? இவனுக்கு வழி என்ன?
- ஒரு தகப்பன், திங்கள்நகர்

பதில்: லூச்சானோ பவரோட்டிக்கும் பாட்டு தகப்பன் வழிதான். 1935இல் இத்தாலியின் மொதெனா ஊரில் பிறந்த ஆப்பரா டெனர். ஆப்பரா என்றால் பாட்டாலேயே கதை சொல்லும் மேலைநாட்டு நாடகம். அப்பா ரொட்டி சுடுகிறவர். அருமையான டெனர், ஆனால் மேடை என்றால் நடுக்கம். அம்மாவுக்கு சுருட்டுத் தொழிற்சாலையில் வேலை. அப்பனும் மகனும் ஊர் குயரில் சேர்ந்து நின்று பாடி, 1955இல் வேல்ஸ் நாட்டு லாங்கொலன் போட்டியில் முதல் பரிசு வாங்கினார்கள். பவரோட்டி கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தார். ஆப்பரா மேடை ஏறியது 1961இல்.

உங்க பையன் கேட்க வேண்டியது 1965 கதை. சோப்ரானோ (பெண்களில் உயர்ந்த ஸ்தாயிக் குரல்) பாடகி ஜோன் சதர்லேண்டோடு ஆஸ்திரேலியா போனவர், அந்த அம்மா பாடும்போது இடுப்பு, விலாப் பக்கம் கை வைத்துப் பார்த்து மூச்சுப் பிடிப்பைக் கற்றுக்கொண்டார். இத்தனைக்கும் அப்போதே லண்டன் மேடையில் பாடிவிட்ட ஆள்! 1972இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில், இசையமைப்பாளர் டோனிசெட்டியின் ஒரே பாட்டில் ஒன்பது 'ஹை சி' பிடித்தார். ஒரு கட்டை சுருதியில் பாடுகிற ஆணுக்கு, தார ஸ்தாயி ஷட்ஜத்துக்கும் ஒரு ஸ்தாயி மேலே! அதுவும் கள்ளத்தொண்டை இல்லாமல், முழுக்குரலில்.

பையன் மூச்சு இழுக்கும்போது தோளைக் கவனியுங்க. தோள் தூக்கினால் காற்று நெஞ்சுக்கு மேலேயே நிற்கும், பாரமெல்லாம் தொண்டைக்கு வரும். விலா பக்கவாட்டில் விரியணும். அவன் கையையே அங்கே வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. தொண்டை கரகரத்தால் அன்றைக்குப் பாட்டு வேண்டாம். கேரல் ரவுண்ட் நேரம் என்றாலும்தான்.

கேள்வி: பவரோட்டிக்கு நோட்டு (இசைக்குறிப்பு) வாசிக்கத் தெரியாதாமே?
- ஓர் ஆல்ட்டோ, தக்கலை

பதில்: முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான நோட்டுத்தான் வாசிக்க வராது என்பார், தன் குரலுக்கான வரி வாசிப்பார். நோட்டுப் படிக்கச் சோம்பல்படுகிறவர்கள் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

கேள்வி: எங்க டெனர்கள் பிராக்டீசுக்கு வருவதே இல்லை. பெரிய ஆட்களும் இப்படியா?
- குயர் செயலாளர், மார்த்தாண்டம்

பதில்: பிராக்டீஸ் என்ன, பவரோட்டி நிகழ்ச்சிக்கே வராமல் இருந்திருக்கிறார்! சிகாகோ லிரிக் ஆப்பராவில் 41 நிகழ்ச்சிகளில் 26ஐ ரத்து செய்தார். 1989இல் 'இனி வேண்டாம்' என்று அவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். மறு வருஷமே ரோமில் டொமிங்கோ, கரேராஸ் என்ற இன்னும் இரண்டு டெனர்களோடு நின்று பாடி உலகத்தையே கேட்க வைத்தார் என்பது வேறு விஷயம். அந்தக் கச்சேரியில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியது நம்ம பம்பாய்க்காரர் சுபின் மேத்தா. உங்க டெனர்களிடம் சிகாகோ வரைக்கும் சொன்னால் போதும், ரோம் கதையை எடுக்காதீங்க.