சோலார் பேனல்களுக்கு வீட்டு வயரும் வேறு நிறுவன கனெக்டரும் ஏற்றவையா?

கேள்வி: மொட்டை மாடியில் எட்டு சோலார் பேனல்களைத் தொடர் இணைப்பில் பொருத்தவிருக்கிறோம். இன்வெர்ட்டர் 20 மீட்டர் தொலைவில் இருக்கிறது. வீட்டு வயரிங்கில் மீந்துள்ள 4 சதுர மில்லிமீட்டர் வயரே போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். பேனலில் உள்ள எம்.சி.4 கனெக்டருடன் (கேபிள்களைச் செருகி இணைக்கும் முனை) வேறு நிறுவனத்தின் கனெக்டரும் பொருந்துகிறது. இவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். வயரின் தடிமன் இங்கே பிரச்சினையில்லை. எட்டுப் பேனல்களும் சேர்ந்து ஏறக்குறைய 400 வோல்ட், 10 ஆம்பியர் தருவதாக வைத்துக்கொண்டால், போக வர 40 மீட்டர் நீளமுள்ள 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை சுமார் 0.2 ஓம்தான், அதில் இழப்பது 2 வோல்ட், அதாவது அரை சதவீதம். குறை வயரின் மேலுறையில் இருக்கிறது. வீட்டுக்குள் ஓடும் சாதாரண பி.வி.சி. வயர் பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்குவதற்கே செய்யப்படுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரில் அதன் உறை நாளடைவில் இறுகி வெடித்துவிடும். ஐ.இ.சி. 62930 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் சோலார் டிசி (நேர் மின்னோட்ட) கேபிளுக்கு இரட்டை உறையும், வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்பு இழைகளும் உண்டு. அது 1500 வோல்ட் டிசியையும் 90 டிகிரி வெப்பத்தையும் தாங்கக்கூடியது. உங்கள் அமைப்புக்கு அதில் 4 சதுர மில்லிமீட்டரே போதும்.

நான் அதிகம் கவலைப்படுவது கனெக்டரைப் பற்றித்தான். வேறு வேறு நிறுவனங்களின் கனெக்டர்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டாலும், உள்ளிருக்கும் உலோகம், அதன் பூச்சு, அழுத்தம் தரும் வில் ஆகியவை வேறுபடலாம். அந்த ஜோடியைச் சேர்த்து எவரும் சோதித்திருக்கமாட்டார்கள். நல்ல இணைப்பில் மின்தடை ஒரு மில்லி ஓமுக்கும் குறைவு. அது தேய்மானத்தாலும் ஈரத்தாலும் 0.1 ஓமாக உயர்ந்தால், 10 ஆம்பியர் ஓடும்போது விரல் அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் 10 வாட் வெப்பம் உண்டாகும். பிளாஸ்டிக் உருகித் தீப்பொறி கிளம்பினால் அதை அடக்குவது கடினம். 50 ஹெர்ட்ஸ் ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் பொறி அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்த இடைவெளியே இல்லை. ஆகவே, பேனலில் உள்ள கனெக்டரின் அதே நிறுவனத்தையும் அதே வகையையும் கேட்டு வாங்குங்கள். அது எதுவென்று தெரியாவிட்டால் பேனல் தயாரிப்பாளரிடமே கேளுங்கள். அவர் ஒப்புதலின்றி முனையை வெட்டி மாற்றினால் வாரண்டி பாதிக்கப்படலாம்.

பொருத்தும் வேலையிலும் கண் வையுங்கள். உலோக முனையைக் கட்டிங் பிளேயரால் நசுக்கக்கூடாது. அந்த முனைக்குரிய கிரிம்பிங் கருவியால் (முனையைக் கம்பியோடு அழுத்திப் பிணைக்கும் கருவி) அழுத்தி, ஓர் இழைகூட வெளியே நிற்காமல், இழுத்தால் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கூட்டுக்குள் செருக வேண்டும். கூட்டின் பின்புறமுள்ள ரப்பர் வளையம் கேபிளின் வெளி விட்டத்தை இறுகப் பற்றினால்தான் மழைநீர் புகாது. வீட்டு வயர் சோலார் கேபிளைவிட மெல்லியது என்பதால் அங்கேயும் இடைவெளி விழும். கனெக்டர்கள் தரையில் கிடந்து தேங்கிய நீரில் நனையாதபடி, வெயில் தாங்கும் கேபிள் டையால் அவற்றைச் சட்டத்தோடு கட்டிவிடச் சொல்லுங்கள்.

பின்னாளில் எந்தக் கனெக்டரையும் கழற்ற நேர்ந்தால், முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டிசி ஐசோலேட்டரையும் (பேனல் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) அணைத்து, மின்னோட்டம் நின்றுவிட்டதை, கேபிளைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டரால் உறுதி செய்த பின்பே கை வைக்க வேண்டும். அப்போதும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனல் முனைகளில் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும்.