மீல் மேக்கருக்கு மசாலாவை அள்ளிக் கொட்டாதீர்கள்!

(ராயபுரம் கல்மண்டபம் பக்கம் மெஸ் நடத்தும் அக்கா, வாசகர்களின் சமையல் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

புரட்டாசி பிறந்துவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி, கறியும் மீனும் இல்லாமல் மாதத்தை எப்படி ஓட்டுவது என்றுதான் கேட்கின்றன. மெஸ்ஸிலும் அதே பாட்டுதான். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள், கண்டெய்னர் லாரி டிரைவர்கள், எம்.சி. ரோடு துணிக்கடைப் பையன்கள் என்று சாப்பிட வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போது சைவம். அதற்காக விட்டுக்கொடுத்துச் சாப்பிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். சாம்பார், கூட்டு என்று தொடர்ந்து போட்டால் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள்.

கேள்வி: அக்கா, மட்டன் குழம்பு மாதிரியே மீல் மேக்கர் குழம்பு வைக்கிறேன். இரண்டு ஸ்பூன் மட்டன் மசாலா போடும் இடத்தில் நாலு ஸ்பூன் போட்டும் குழம்புதான் காரமாகிறதே தவிர, உருண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை. சோயா வாடை வேறு. வீட்டுக்காரர் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவைக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர்

தங்கச்சி, முதலில் அந்த மசாலா டப்பாவை மூடி வையுங்கள்.

மீல் மேக்கர் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். சோயாவில் எண்ணெயைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் மெஷினுக்குள் தள்ளிப் பொரிய வைக்கிறார்கள். அதனால் 100 கிராமில் ஏறக்குறைய 50 கிராம் புரதம் இருக்கும். கொழுப்பு இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். கறியின் ருசியை நாக்கில் நிறுத்துவதே அந்தக் கொழுப்புதான். மிளகாயின் காரமும் பட்டை, கிராம்பின் வாசனையும் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும், தண்ணீரில் இறங்காது. கொழுப்பே இல்லாத ஒன்றைத் தண்ணீர்க் குழம்பில் போட்டு மசாலாவை மட்டும் கூட்டினால் எப்படி ஏறும்?

கொதிக்கும் உப்புத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு இறக்குங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசி அலசிப் பிழியுங்கள். சோயா வாடை போவது இந்த இடத்தில்தான். பிழிவது என்றால் சும்மா அழுத்திவிட்டு விடுவதல்ல. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்னும் வரை பிழிய வேண்டும். பெரிய உருண்டையாக இருந்தால் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். அது பஞ்சு மாதிரி. வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தால் மசாலாவைக் குடிக்காது.

பிழிந்ததைக் கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மிளகு, உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். உப்பு இப்போதே உள்ளே போய்விட வேண்டும். குழம்பில் போடும் உப்பு உருண்டைக்குள் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.

அப்புறம்தான் முக்கியமான வேலை. இரும்புச் சட்டியில் தாராளமாக நல்லெண்ணெய் விட்டு, ஓரம் கருஞ்சிவப்பாகும் வரை வறுத்தெடுங்கள். தண்ணீர் இருக்கும் வரை எந்தப் பொருளும் 100 டிகிரிச் சூட்டைத் தாண்டாது. கறி வறுபடும்போது வருகிற அந்த வாசனைக்கு 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். அவ்வளவு தூரம் பிழியச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே சட்டியில் சோம்பு, பட்டை, கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, ஒரு சிட்டிகை கல்பாசி போட்டுத் தாளியுங்கள். கல்பாசியைக் கூட்டினால் குழம்பு கசந்துவிடும். குறைத்தால் கறிக்குழம்பு வாசனை வராது. வெங்காயம் கண்ணாடிப் பதம் வந்ததும் தக்காளியைக் கொட்டுகிற அவசரம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. கால் மணி நேரமாவது வதங்கிப் பழுப்பாகட்டும். அன்னாசிப்பூவும் பழுப்பான வெங்காயமும் சேரும் இடத்தில் பாதிக் கறி வாசனை வந்துவிடும். தக்காளி போட்டு எண்ணெய் பிரிந்ததும் உங்கள் மட்டன் மசாலா இரண்டே ஸ்பூன். (பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்காவிட்டாலும் மாமியார் பார்ப்பார்.) தேங்காயும் நாலைந்து முந்திரியும் அரைத்து ஊற்றிக் கொதித்ததும், வறுத்து வைத்ததைப் போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் விடுங்கள். உடனே பரிமாற வேண்டாம். அரை மணி நேரம் மூடிக் கிடக்கட்டும்.

மூன்றாவது, நாலாவது ஸ்பூன் மசாலா போட கை போனால், அதற்குப் பதில் அந்த ஸ்பூனால் எண்ணெய் ஊற்றுங்கள்.

கேள்வி: காளான் வறுவல் செய்தால் தண்ணீர் விட்டுக் குழம்பாகிவிடுகிறது. கால் கிலோ போட்டால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சுகிறது.
– வாசகர், கொடுங்கையூர்

சுருங்கத்தான் செய்யும் தம்பி. காளானில் பெரும்பகுதி தண்ணீர். கூடுதலாக வாங்குங்கள். எண்ணெயும் உப்பும் இல்லாமல் காய்ந்த சட்டியில் பரப்பிப் பெரிய தீயில் வையுங்கள். தண்ணீர் விட்டு, அதுவும் வற்றி, சட்டியில் சத்தம் மாறும். அப்போது எண்ணெய், பூண்டு, மிளகு, உப்பு. காளான் அதிக நேரம் வெந்தாலும் குழையாது, பயப்படாமல் நன்றாக வறுக்கலாம்.

கேள்வி: எங்கள் வீடு காசிமேடு பக்கம். கறி இல்லாமல் இருந்துவிடுவோம், மீன் குழம்பு வாசனை இல்லாமல் முடியவில்லை. மீன் போடாமல் அந்தக் குழம்பு வைக்க வழி உண்டா?
– வாசகி, தண்டையார்பேட்டை

மீன்பிடித் தடைக் காலத்திலும் எனக்கு இதே கேள்வி வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, பெரிய மீன் விலை ஏறிவிடும். அப்போது பழக்கத்துக்கு வந்ததுதான் மெஸ்ஸின் வாழைக்காய்க் குழம்பு. மீன் குழம்பில் மீனை எடுத்துவிட்டுப் பாருங்கள்: புளி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, வெந்தயம், மிஷினில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள், எல்லாவற்றுக்கும் மேல் தாளிப்பு வடகம். மீன் வாசனை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பங்கு வடகத்தின் வாசனை. தெருமுனையில் வரும்போதே மூக்கில் ஏறுவது அதுதான்.

வடகத்தைக் காய்ந்த நல்லெண்ணெயில் உதிர்த்துப் போட்டு, கருகாமல் நன்றாகச் சிவக்க விடுங்கள். கடையில் வாங்கும் வடகம் வாடை இல்லாமல் வெறும் கடுகும் உளுந்துமாக இருந்தால் தூக்கிப் போடுங்கள். விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, கோடை வெயிலில் உருட்டி உருட்டிக் காயவைத்த சின்ன வெங்காய வடகம்தான் இதற்கு ஆகும். ஒட்டு மாங்காய் கிடைத்தால் இரண்டு துண்டு கடைசியில் போடுங்கள். புளிப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

உள்ளே போடுவதற்கு வாழைக்காய் அல்லது சேனை. விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, சேனையாக இருந்தால் புளித் தண்ணீரில் அரைவேக்காடு வேகவைத்து (நமைச்சல் போகும்), ஈரம் துடைத்து, மீன் வறுக்கும் மசாலாவைத் தடவுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், சோம்புத்தூள், மிளகு, பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, ஒட்டிப் பிடிக்க ஒரு ஸ்பூன் அரிசி மாவு. தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் மொறுமொறுப்பாக வறுங்கள். பாதியை வறுவலாகவே சாப்பிட்டுவிடுவார்கள், மீதியைக் குழம்பில் போடுங்கள். காலையில் வைத்து இரவு சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். மீன் குழம்புக்குச் சொல்வதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: கடைச் சாப்பாட்டு ருசிக்கு அஜினோமோட்டோதான் காரணம் என்கிறார்கள். சைவச் சமையலில் ஒரு சிட்டிகை போட்டால் தப்பா?
– வாசகர், திருவொற்றியூர்

விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நான் நம்புவதில்லை. 1908-இல் ஜப்பானில் கிகுனே இகெதா என்ற பேராசிரியர், அவர்கள் ஊர் சூப்பில் வரும் தனி ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடி, கொம்பு என்னும் கடல்தாவரத்திலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தார். அடுத்த வருடமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. தக்காளியிலும் காளானிலும் சோயா சாஸிலும் இயற்கையாகவே இருக்கிற அதே சரக்குதான். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு வேண்டாம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருப்பார்கள், அதை மதியுங்கள். அதிலும் சோடியம் உண்டு, ஆகவே உப்பைக் குறைக்க வேண்டும்.

ஆனால் என் அடுப்படியில் அதற்கு வேலை இல்லை. ஜப்பானில் புத்த மடங்களில் மீன் சேர்க்கமாட்டார்கள். கொம்பும் காய்ந்த காளானும் ஊறிய தண்ணீர்தான் அவர்கள் சாற்றுக்கு அடிப்படை. இந்த இரண்டு வகை ருசியும் ஒன்றாகச் சேர்ந்தால், தனித்தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு தூக்கிக் கொடுக்கும். நமக்குக் கொம்பு வேண்டாம், தக்காளி போதும். வெயில் அடிக்கிற நாளில் காளானை மெல்லியதாக நறுக்கி மொட்டைமாடியில் சருகாகக் காயவைத்து, மிக்ஸியில் பொடித்துப் பாட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள். தக்காளி வதங்கும்போது ஒரு ஸ்பூன். பருப்பு உருண்டைக் குழம்பு, சால்னா, பிரியாணி, எதில் வேண்டுமானாலும்.

கேள்வி: பர்மாக் கடை அத்தோ நூடுல்ஸை வீட்டில் சைவமாகச் செய்தால் கடை ருசி வருவதில்லை. என்ன விட்டுப்போகிறது?
– வாசகி, வியாசர்பாடி

வியாசர்பாடியில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே! 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் உங்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கும். அந்த வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எனக்குத் தெரிந்த வரை விட்டுப்போவது பூண்டு எண்ணெய். நிறையப் பூண்டைச் சீவி, சிறு தீயில் பொன்னிறமாகப் பொரித்து, அந்த எண்ணெயைத்தான் நூடுல்ஸில் கலக்க வேண்டும். புதிதாகக் காய்ச்சிய வெறும் எண்ணெய் ஆகாது. காய்ந்த இறால் தூள் போடும் கடைகள் உண்டு. அதற்குப் பதில் வறுத்த கடலைமாவு, வறுத்த வேர்க்கடலைப் பொடி, மேலே சொன்ன காளான் பொடி. புளித்தண்ணீர், பொரித்த வெங்காயம், கிள்ளு மிளகாய்ப் பொடி எல்லாம் போட்டுக் கையால் பிசைய வேண்டும். கரண்டியால் கிளறினால் ஒட்டாது.

அவர்களிடம் இன்னொரு நல்ல சரக்கும் இருக்கிறது: கடலைமாவு தோஃபு. ஒரு டம்ளர் கடலைமாவுக்கு மூன்று டம்ளர் தண்ணீர், மஞ்சள், உப்பு. கட்டியில்லாமல் கரைத்து, கை விடாமல் கிண்டி, கூழ் பளபளவென்று கெட்டியானதும் எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றுங்கள். மூன்று நாலு மணி நேரத்தில் இறுகிவிடும். துண்டு போட்டுப் பொரித்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய். பனீர் விலைக்கு இதில் ஒரு வாரம் ஓட்டலாம். மீல் மேக்கர் பிடிக்காதவர்களுக்கு நான் இதைத்தான் போடுகிறேன்.

கேள்வி: புரட்டாசிச் சனிக்கிழமை வெங்காயமும் பூண்டும் கிடையாது. கெட்டிக் குழம்பு வைப்பது எப்படி?
– வாசகி, கொருக்குப்பேட்டை

சௌகார்பேட்டையில் வருடம் முழுக்க இப்படிச் சமைக்கும் வீடுகள் இருக்கின்றன, அவர்கள் ஒன்றும் சப்பென்று சாப்பிடவில்லை. கட்டிப் பெருங்காயத்தைப் பட்டாணி அளவு எடுத்துச் சூடான எண்ணெயில் பொரிய விடுங்கள். தூளைக் கடைசியில் தூவுவதில் பயனில்லை, எண்ணெயில் பொரிந்தால்தான் பூண்டுக்குக் கிட்டத்தட்ட வரும் வாசனை எழும்பும். வெங்காயத்துக்குப் பதில் முட்டைக்கோஸைப் பொடியாகத் துருவி, உப்புப் போடாமல், பழுப்பாகும் வரை வதக்குங்கள். தக்காளியோடு சேர்த்து அரைத்துவிட்டால் கோஸ் என்று யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். கெட்டிக்குக் கசகசாவும் தேங்காயும். இஞ்சியும் மிளகும் கொஞ்சம் முன்னே நிற்கட்டும். கோஸ் பாதி பழுப்பானதும் போதும் என்று இறக்கிவிடாதீர்கள்; வேகாத கோஸ் வாடை வந்தால் குழம்பு முழுக்க அதுதான் மணக்கும்.