17ஆம் நூற்றாண்டு டச்சுக் கடற்படைத் தளபதி மிஹீல் டெ ராய்ட்டரின் நினைவுப் படம் பழைய செப்புத்தகட்டு அச்சுதானா (செதுக்கிய செப்புத் தகட்டில் மை பூசி எடுத்தது), பிற்கால நகலா என்று எப்படி அறிவது?

படச்சட்டத்துக்குள் வைத்தே பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், வெளியே எடுங்கள்.

முதலில் 10 மடங்கு பூதக்கண்ணாடியில் நிழல் பகுதிகளைப் பாருங்கள். கோடுகள் நடுவில் தடித்து நுனியில் கூராக முடிந்தால் உளியால் செதுக்கிய தகடு. சீரான புள்ளிக்கட்டம் தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ அதற்குப் பிறகோ எடுத்த புகைப்பட அச்சு. அதோடு விசாரணை முடிந்தது.

அடுத்து, காகிதத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். 17ஆம் நூற்றாண்டுக் காகிதத்தில் நெருக்கமான மெல்லிய வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே ஏறத்தாழ 2.5 செ.மீ. இடைவெளியில் கோடுகளும் தெரியும். வரியே இல்லாத வழவழப்பான தாள் 1750களுக்குப் பிந்தியது. ஆனால் வரிகள் இருப்பது மட்டும் போதாது: பழைய தகட்டிலிருந்து பிற்காலத்திலும் அச்செடுத்திருக்கிறார்கள், வரித்தாள் இன்றும் தயாராகிறது.

படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் இல்லையென்றால் பதற வேண்டாம். பலர் ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டார்கள்.

படத்தில் உள்ளதும் காலம் சொல்லும். டெ ராய்ட்டர் 1676 ஏப்ரலில் சிசிலித் தீவின் சிராக்யூஸில் காயத்தால் இறந்தார். ஆம்ஸ்டர்டம் புதிய தேவாலயத்தில் ரோம்பவுட் வெர்ஹுல்ஸ்ட் செதுக்கிய அவரது கல்லறை 1681இல் முடிந்தது. அது முழுமையாகத் தெரிந்தால் படம் அதற்குப் பிந்தியது. மடிப்புத் தடங்கள் இருந்தால் புத்தகத்திலிருந்து பிரித்த தாளாக இருக்கலாம்.

பின்புறம் பசைநாடா இருந்தால் இழுக்காதீர்கள். காகிதத்தின் மேல்நார் உரிந்து வந்துவிடும். அதைக் காகிதப் பராமரிப்பாளரிடம் விடுங்கள்.